விண்டோஸ் 11க்கு மாறியதும் பழைய திஸ்கி மென்பொருளில் தமிழ் எல்லாம் கேள்விக்குறி

நூலடுக்கு:
வணக்கம். எங்கள் வாசகசாலையின் நூற்பட்டியல் மென்பொருள் டெல்பி 5 என்ற பழைய நிரலாக்கக் கருவியில் எழுதியது. தரவெல்லாம் டிபிஎஃப் என்ற பழைய தரவுத்தளக் கோப்பில். எக்ஸ்பி கணினியில் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையின் எழுத்துருவோடு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அது மண்டையைப் போட்டுவிட்டதால் விண்டோஸ் 11க்கு மாற்றினோம். இப்போது நூற்பெயர் வர வேண்டிய இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வரிசையாக நிற்கிறது. எண்களும் ஆங்கிலமும் சரி. எழுத்துருவை மறுபடி நிறுவியாயிற்று. எழுதிக் கொடுத்தவர் தொடர்பில் இல்லை. யாராவது உதவுங்களேன்.

தட்டச்சன்:
கம்பாட்டிபிலிட்டி மோடில் எக்ஸ்பி என்று வைத்துப் பாருங்கள்.

நூலடுக்கு:
வைத்தேன் ஐயா, அதே கதைதான்.

எட்டுபிட்:
எழுத்துருவை விடுங்கள். அது இல்லாவிட்டால் தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் வந்திருக்கும். வைரக் கேள்விக்குறி வந்தால், அந்த பைட்டை (கோப்பில் எழுத்துக்காக உள்ள எண்ணை) விண்டோஸால் எழுத்தாகவே படிக்க முடியவில்லை என்று பொருள்.

கண்ட்ரோல் பேனலில் ரீஜியன், அதில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டேப், சேஞ்ச் சிஸ்டம் லோகேல். அங்கே பீட்டா என்று தொடங்கும் யுடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) பெட்டியில் டிக் இருக்கிறதா? விண்டோஸ் 10இன் 1803 பதிப்பில் வந்த வசதி அது.

நூலடுக்கு:
இருக்கிறது! கணினியை அமைத்துத் தந்தவர், தமிழுக்கு இது வேண்டும் என்று போட்டுவிட்டுப் போனார்.

எட்டுபிட்:
நல்லெண்ணம்தான், ஆனால் உங்கள் மென்பொருளுக்கு விஷம். டெல்பி 2009க்கு முன்பு, எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு கிடையாது. கோட் பேஜ் (எந்த பைட்டுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை) 1252இல் 128க்கு மேலே அநேகமாக ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் ஐரோப்பிய எழுத்து உண்டு. திஸ்கி எழுத்துரு அந்த இடங்களில் தமிழ் வடிவங்களைப் போட்டு ஒப்பேற்றுகிறது. யுடிஎஃப்-8இலோ அத்தகைய பைட் தனித்து வரக் கூடாது, முறையான கூட்டமாகத்தான் வர வேண்டும். திஸ்கி வரிசை அந்த முறைக்குள் அடங்காது. அதனால்தான் வைரம்.

டிக்கை எடுங்கள். லோகேலில் இங்கிலிஷ் (இந்தியா) வையுங்கள், அது 1252. தமிழுக்கென்று ஆன்சி (யூனிகோடு அல்லாத பழைய விண்டோஸ்) கோட் பேஜே கிடையாது, ஆகவே அங்கே தமிழைத் தேட வேண்டாம். பிறகு ரீஸ்டார்ட்.

முக்கியமாக, அதுவரை எந்தப் பதிவையும் திறந்து சேமிக்காதீர்கள். திரையில் தெரியும் வைரமே கோப்புக்குள் போய் உட்கார்ந்துவிடும், அதுவும் மூன்று மூன்று பைட்டாக. பழைய பெயரை அப்புறம் எந்த மாற்றியாலும் மீட்க முடியாது. முதலில் டிபிஎஃப்புக்கு ஒரு நகல்.

நூலடுக்கு:
தமிழ் வந்துவிட்டது, மிக்க நன்றி! சேமித்தவை கொஞ்சம்தான், பழைய நகலிலிருந்து எடுத்துக்கொண்டேன். இன்னொரு சந்தேகம். பட்டியலை யூனிகோடுக்கு மாற்ற, ஒட்டி மாற்றும் ஓர் இணையக் கருவியில் போட்டால் ‘இலங்கை வரலாறு’ ‘லங்கை வரலாறு’ ஆகிறது. ‘இலக்கணம்’ ‘லக்கணம்’ ஆகிறது. புதிதாகச் சேர்த்த நூல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

திஸ்கிக்காலம்:
இது எங்கள் காலத்துத் தலைவலி. முதலில் திஸ்கியில் ‘இ’ 173ஆம் இடத்தில் இருந்தது. அது 1252இல் மென்கோடு, வரி உடையும்போது மட்டும் தெரியும் இணைப்புக்குறி. பல மென்பொருள்கள் அதைக் கண்ணுக்குக் காட்டாமல் விழுங்கிவிடும். அதனால் திஸ்கி 1.7இல் ‘இ’யை 254க்கு நகர்த்தினார்கள். உங்கள் பழைய பதிவுகளில் 173, புதியவற்றில் 254 இருக்கும். மாற்றும் முன்பு 173ஐ 254ஆக்குங்கள்.

எட்டுபிட்:
ஆனால் ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளை நேரடியாகத் திருத்தும் கருவி) மொத்தக் கோப்பிலும் மாற்றிவிடாதீர்கள். டிபிஎஃப்பின் தலைப்பகுதியில் பதிவு எண்ணிக்கையும் பைட்டுகளாகவே இருக்கும். அங்கே ஒரு 173 அகப்பட்டால் கோப்பு திறக்காமலே போகலாம். எழுத்துப் புலங்களில் மட்டும் மாற்றுங்கள்.

நூலடுக்கு:
சரி, நகலில் நூற்பெயர், ஆசிரியர் புலங்களை மட்டும் மாற்றிப் பார்க்கிறேன்.