அசையாத போர்டுகளுக்கு இடையே வைஃபை சிக்னலிலிருந்து ரகசியச் சாவி: உதவி தேவை

மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். இரண்டு ஈஎஸ்பி32 வ்ரூம் போர்டுகள் (வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுப் பலகைகள்) ஈஎஸ்பி-நவ் வழியாக, அதாவது ரவுட்டர் இல்லாமல் நேரடியாக, மாறி மாறி பாக்கெட் அனுப்பும். இருபுறமும் ஆர்எஸ்எஸ்ஐ (வந்துசேரும் சிக்னலின் வலிமை) அளந்து, அது சராசரிக்கு மேலா கீழா என்று பார்த்துப் பிட்டாக்கி, 128 பிட் சாவி உருவாக்க வேண்டும். சாவி காற்றில் போகவே போகாது, இந்த முறையின் அழகே அதுதான்.

ஒரு போர்டைக் கையில் பிடித்து நடந்தால் 100 பிட்டில் 94 பொருந்துகிறது. மீதியை பிசிஎச் என்ற பிழைதிருத்தக் குறியீடு சரிசெய்துவிடுகிறது. இரண்டையும் மேசைமேல் வைத்தால் 60-க்கு இறங்கிவிடுகிறது. ஆர்எஸ்எஸ்ஐ -52, -53 என்று அதற்குள்ளேயே ஆடுகிறது. அது சேனலின், அதாவது சிக்னல் கடந்துவரும் பாதையின், மாற்றம் இல்லை, வெறும் இரைச்சல் என்றே நினைக்கிறேன்.

இடம் கோவையில் ஒரு விடுதி அறை, இடைவெளி 4 மீட்டர். பாக்கெட் போய்வர 3 மில்லிசெகண்ட்தான், அதனால் தாமதம் காரணமாகத் தெரியவில்லை. வைஃபை சேனல் எண் 1, 6, 11 மூன்றிலும் பார்த்தாயிற்று. 50 அளவீட்டுக்கு ஒருமுறை சராசரியைப் புதிதாகக் கணக்கிட்டேன். சராசரியை ஒட்டி வருபவற்றைத் தள்ளிவிட்டும் பார்த்தேன், அப்புறம் பிட்டே மிஞ்சவில்லை. சென்சார்கள் சுவரில் பொருத்தப்போகிறவை, ஆட்டவும் முடியாது.

ஆர்எஸ்எஸ்ஐயை விட்டுவிட்டு, துணை அலைவரிசை வாரியாகக் கிடைக்கும் சிஎஸ்ஐக்கு (சேனல் நிலைத் தகவல்) மாறினால், அசையாத போர்டுகளிலும் யூகிக்க முடியாத பிட்டுகள் போதுமான அளவு கிடைக்குமா?