ஃபெடர்வைசர் காலம்: வைன் ஊர்களில் பார்த்ததும் சாப்பிட்டதும்

ஜெர்மனியின் மன்ஹைம், ஸ்டுட்கார்ட், ஆஸ்திரியாவின் வியன்னா, சுவிட்சர்லாந்தின் லோசான் ஆகிய ஊர்களில் இருக்கும் நாலு பேர், ஆளுக்கு ஒரு ஊரிலிருந்து எழுதியது.

மன்ஹைம்

செப்டம்பர் பிறந்தால் போதும், எங்கள் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் கலங்கல் மஞ்சளாக ஒரு வரிசை பாட்டில் வந்து நிற்கும். ஃபெடர்வைசர். திராட்சைச் சாறு வைனாகிற வழியில் பாதியிலேயே பிடித்து விற்பது. உள்ளே ஈஸ்ட் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், அதனால் மூடியை இறுக்க மாட்டார்கள். இறுக்கினால் பாட்டில் வெடித்துவிடும். கிட்டத்தட்ட 4 சதவீத ஆல்கஹாலில் விற்பனைக்கு வரும்; விட்டுவைத்தால் 10 வரைக்கும் ஏறும். நம் ஊர்க் கள் மாதிரிதான், காலையில் ஒரு ருசி, சாயங்காலம் வேறு ருசி.

நொய்ஷ்டாட்டிலிருந்து வரும் எஸ்-பானில் ஒருமுறை எதிர் சீட்டில் ஒரு பையன், காலேஜ் படிக்கிற வயசு. முதுகுப்பையில் ஃபெடர்வைசரைப் படுக்கப் போட்டிருந்தான். ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் பைக்கு அடியிலிருந்து ஒரு கோடு ஓடி வந்து என் ஷூவைத் தொட்டது. பெட்டி முழுக்கப் புளித்த வாசம். பக்கத்தில் இருந்த பாட்டி அலட்டிக்கொள்ளவே இல்லை. காகிதக் கைக்குட்டைப் பாக்கெட்டை அவனிடம் நீட்டி, "நிற்க வைக்கணும்ப்பா, எப்பவும் நிற்க வைக்கணும்" என்றார். அப்புறம் வழி நெடுக, எந்த ஊரில் யார் வீட்டு ஃபெடர்வைசர் நன்றாக இருக்கும் என்று பாடமே எடுத்துவிட்டார். அவர் சொன்ன ஊர் ஒன்றுக்குத்தான் அடுத்த சனிக்கிழமை நாங்கள் குடும்பத்தோடு போனோம்.

போன இடம் ஹோட்டல் இல்லை. ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட் என்பார்கள். தோட்டக்காரர் தன் வீட்டு முற்றத்தையே திறந்துவிடுவார். தனி லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் கட்டுப்பாடு உண்டு: சொந்தத் தோட்டத்து வைன்தான் விற்கலாம், 40 இருக்கைக்கு மேல் போடக்கூடாது, வருடத்தில் மொத்தம் நான்கு மாதம்தான், அதையும் இரண்டு தவணையாக மட்டுமே பிரித்துக்கொள்ளலாம். சாப்பாடும் எளிமையாகத்தான். எங்களுக்குக் கிடைத்தது ஸ்வீபல்கூஹன், அதாவது ஈஸ்ட் மாவின் மேல் வெங்காயமும் புளிப்பு க்ரீமும் முட்டையும் பரப்பிச் சுட்டது. பெரிய தட்டு அடுப்பிலிருந்து வந்ததும் அந்த வீட்டுப் பாட்டி சதுரம் சதுரமாக வெட்டினார். ஓரத் துண்டு வேண்டுமா, நடுத் துண்டு வேண்டுமா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஓரத்தையே கேளுங்கள், அங்கேதான் வெங்காயம் லேசாகக் கருகித் தித்தித்திருக்கும். பரிமாறிய தோட்டக்காரரின் விரல் ரேகைக்குள் எல்லாம் ஊதாச் சாயம். அன்று காலைதான் சிவப்புத் திராட்சை பறித்தாராம். பில்லா? கோப்பைக்குக் கீழே வைக்கிற அட்டையில் பென்சிலால் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார், அதை எண்ணிக் காசு வாங்கினார்.

பாட் டுயர்க்ஹைமின் வூர்ஸ்ட்மார்க்ட்டைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். உலகத்திலேயே பெரிய வைன் திருவிழா என்று அவர்களே சொல்லிக்கொள்வது. செப்டம்பரின் இரண்டாம், மூன்றாம் வார இறுதிகளில் நடக்கும். 15-ஆம் நூற்றாண்டில் மிக்கேல் மலைக்கு வந்த யாத்ரீகர்களுக்குக் குடியானவர்கள் தள்ளுவண்டியில் வைன் பீப்பாய் கொண்டுபோய் விற்றதில் தொடங்கியதாம். அந்த ஞாபகத்தில் இன்றைக்கும் 36 சின்னச் சின்ன வைன் கடைகள் போடுகிறார்கள். நீளப் பலகையில் முன்பின் தெரியாதவர்களோடு தோள் இடிக்க உட்காரணும். அரை லிட்டர் டுப்பெகிளாஸ் மேஜையைச் சுற்றி வரும், ஆளுக்கு ஒரு மடக்கு. அந்தக் கிளாஸ் முழுக்கக் குழி குழியாக இருக்கும். கறி வெட்டுகிறவரின் கொழுப்புக் கையிலிருந்து நழுவாமல் இருக்க அப்படிச் செய்ததாகச் சொல்வார்கள். ஊரில் 1934-இல் கட்டிய ராட்சதப் பீப்பாய் ஒன்று நிற்கிறது, 17 லட்சம் லிட்டர் பிடிக்கும் அளவு. அதில் ஒரு நாளும் வைன் ஊற்றியதில்லை, உள்ளே ரெஸ்டாரண்ட்தான். ஒரு தடவை பார்க்கலாம். ஆனால் என்னைக் கேட்டால், ராட்டினமும் இரைச்சலும் பிடிக்காதவர்கள் பேசாமல் ஒரு முற்றத்தைத் தேடிப் போங்கள்.

ஸாவ்மாகனும் சாப்பிட்டேன். பன்றி இரைப்பைக்குள் கறியும் உருளைக்கிழங்கும் அடைத்து வேகவைத்து, வட்டமாக வெட்டி வறுத்துத் தருவார்கள். ஜெர்மன் சான்ஸலராக இருந்த ஹெல்முட் கோல் இங்கே டைடஸ்ஹைமுக்கு தாட்சரையும் கோர்பச்சேவையும் கூட்டிவந்து இதைத்தான் சாப்பிட வைத்தார். பேர்தான் பயமுறுத்தும், ருசி அப்படியில்லை.

வியன்னா

சைவக்காரர்கள் கவனத்துக்கு: மேலே சொன்ன வெங்காய அயிட்டத்தில் பெரும்பாலும் பன்றிக்கொழுப்புத் துண்டு சேர்ப்பார்கள், பார்த்தால் சட்டென்று தெரியாது. "ஓனே ஷ்பெக்" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான் சைவம் என்று மட்டும் சொன்னதற்கு, "கொஞ்சம்தான் போட்டிருக்கேன்" என்று ஒரு அம்மா சமாதானம் சொன்னார்.

வியன்னாவில் ஃபெடர்வைசருக்கு ஷ்டுர்ம் என்று பெயர். ஊர் எல்லைக்குள்ளேயே சுமார் 600 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் தலைநகரம் இது. ட்ராம் பிடித்தே தோட்டத்துக்குப் போகலாம். ஷ்டாமர்ஸ்டோர்ஃபில் ஒரு ஹொய்ரிகரில் (தோட்டக்காரரின் வைன் கடை; அந்த வருடத்துப் புது வைனுக்கும் அதே பெயர்) உட்கார்ந்து ஷ்டுர்ம் கிளாஸைத் தூக்கி "ப்ரோஸ்ட்" என்றேன். பக்கத்து மேஜைப் பெரியவர் ஒருவர் விரலை ஆட்டினார். முழு வைன் ஆகாததற்கு ப்ரோஸ்ட் சொல்லக்கூடாதாம், சாப்பிடும்போது சொல்கிற "மால்ட்ஸைட்" தானாம். அவரே எழுந்து வந்து சரியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். நவம்பர் 11, மார்ட்டின் நாள் வந்தால்தான் புது வைனுக்கு ஹொய்ரிகர் என்ற அந்தஸ்து. அந்த வாரங்களில் ஊர் முழுக்க வாத்து வறுவல் வாசம்.

வாசலில் பைன் கொப்பு தொங்கினால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். 1784-இல் இரண்டாம் ஜோசப் பேரரசர், தோட்டக்காரர்கள் தங்கள் சொந்த விளைச்சலை வீட்டிலேயே விற்றுக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டதிலிருந்து வருகிற வழக்கம். கூகுளைவிட அந்தக் கொப்பை நம்பலாம். சைவத்துக்கு லிப்டவர் இருக்கிறது, பாலாடைக்கட்டியில் மிளகாய்த்தூளும் வெங்காயமும் குழைத்தது. கறுப்பு ரொட்டியில் தடவிக் கொடுப்பார்கள். கூட கெமிஷ்டர் ஸாட்ஸ் ஒரு கிளாஸ். ஒரே தோட்டத்தில் பல ரகத் திராட்சையைக் கலந்து நட்டு, சேர்த்தே பறித்துச் செய்வது. வியன்னாவுக்கு வந்து வேறு வைன் குடிப்பவர்களை நான் மதிப்பதில்லை.

லோசான்

அண்ணா, ரயில் கதை வாசிச்சு நல்லாச் சிரிச்சன். வைனைப் பற்றி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கமத்தின்ர பக்கத்தாலதான். லோசானுக்குப் பக்கத்தில லாவோ எண்ட மலைச்சரிவில திராட்சை ஆயிற நாளுகளில வேலைக்குப் போயிருக்கிறன். ஏரிக்கரையில இருந்து படிப்படியாக் கல்லுக்கட்டு, நிமிர்ந்து பார்த்தால் கழுத்து நோகும். 12ஆம் நூற்றாண்டில துறவிமார் தொடங்கின கட்டு எண்டு சொல்லுவினம். 2007இல யுனெஸ்கோ பட்டியலில சேர்த்தது. ஷாஸ்லா எண்ட வெள்ளைத் திராட்சைதான் அங்க கூட. மூண்டு சூரியன் எண்டு ஒரு கதை இருக்கு: ஒண்டு வானத்தில, ஒண்டு ஏரித் தண்ணியில பட்டுத் தெறிக்கிறது, மற்றது பகல் முழுக்கச் சூடு குடிச்ச கல்லுச் சுவர். மூண்டாவது உண்மை. பின்னேரம் வேலை முடியேக்க அந்தச் சுவரில முதுகைச் சாய்ச்சால் பிடிப்பு விட்டிடும்.

கத்தரிக்கோலால குலையை வெட்டி, கெட்ட மணியைத் தட்டிவிட்டுத்தான் பெட்டிக்குள்ள போடவேணும். வேகமா வெட்டிறவை கனபேர். எங்கட முதலாளியம்மா வேகத்தைப் பார்க்கிறேல்லை, பெட்டிக்குள்ள இலை கிடக்குதோ எண்டுதான் பார்ப்பா. செங்குத்தான இடங்களில ஒற்றைத் தண்டவாளத்தில சின்ன வண்டி ஓடும், பெட்டியளை அதில ஏத்தி விடுவம். எங்களை ஏத்த மாட்டினம்.

2019இல வெவே ஊரில ஃபேத் தே வின்யெரோன் எண்ட திராட்சைத் தோட்டக்காரர் விழா நடந்தது. அது ஆண்டுத் திருவிழா இல்லை, ஒரு தலைமுறைக்கு ஒருக்கா. 1977, 1999, பிறகு 2019. ஏரிக்கரைச் சந்தைத் திடலில 20,000 பேர் இருக்கிற அரங்கு கட்டினவை. எனக்குப் பிடிச்சது அந்த விழாவின்ர வேர். வெவேயில ஒரு சங்கம் இருக்கு, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்து, ஆர் நல்லாக் கவனிக்கினம் எண்டு புள்ளி போடுவினம். முடி சூட்டிறது தோட்டத்துக்காரருக்கு இல்லை, அதில இறங்கி வேலை செய்யிற ஆளுக்கு. 1797இல இருந்து அப்பிடித்தான். அந்த நாளுகளில ஊருக்குள்ள போனால் எல்லாத் தெருவிலயும் வேசம் போட்ட சனம், கோப்பி குடிக்கிற மேசையில எறும்பு வேசத்தோட ஒரு பிள்ளை நித்திரை.

சாப்பாடு எண்டால் பாப்பே. லீக்ஸும் உருளைக்கிழங்கும் குழைய அவிச்சு, மேல முட்டைக்கோவாச் சொசேஜ். குளிர் காலத்துக்கு அதைப்போல ஒண்டும் இல்லை. நான் செய்யேக்க ரெண்டு பச்சை மிளகாய் கீறிப் போடுவன். பக்கத்து வீட்டு மனுசி ருசிச்சுச் சாப்பிட்டு, என்ன சேர்த்தனீங்கள் எண்டு கேட்டா. லீக்ஸ் நல்லது எண்டு சொல்லிச் சமாளிச்சன்.

குடிக்கத் தொடங்கிறவை பெந்தகோஸ்து வார இறுதியில, லோசான் இருக்கிற வோ மாநிலத்துக்கு வாங்கோ. ஊர் ஊரா வைன் நிலவறையளைத் திறந்து விடுவினம். செய்யிற ஆளோடயே நிண்டு கதைக்கலாம்.

ஸ்டுட்கார்ட்

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது நான், அதனால் எனக்கு எப்போதும் திராட்சைச் சாறுதான். குறையாக ஒன்றும் தோன்றவில்லை. அன்றே பிழிந்த சாறு கடைப் பாட்டில் சாறு மாதிரி இருக்காது, கெட்டியாக, தொண்டையில் லேசாகப் பிடிக்கும். வண்டி எடுப்பவர்கள் நினைவில் வையுங்கள்: ஜெர்மனியில் 0.5 ப்ரொமில் வரம்பு, அதாவது ரத்தத்தில் ஆயிரத்துக்கு அரைப் பங்கு ஆல்கஹால். 21 வயது ஆகாதவர்களுக்கும் புது லைசென்ஸ்காரர்களுக்கும் பூஜ்யம். ஃபெடர்வைசர் ஜூஸ் மாதிரி இனிக்கும், அதுதான் ஆபத்து.

மன்ஹைம் அண்ணா, நொய்ஷ்டாட் பக்கத்து கிம்மெல்டிங்கன் ஊரின் பாதாம்பூ விழா எப்போது? அம்மா ஊரிலிருந்து மார்ச்சில் வருகிறார், டிக்கெட்டை அதற்கேற்ப மாற்றலாமா என்று பார்க்கிறேன்.

மன்ஹைம்

தம்பி, அதற்கு நிலையான தேதி கிடையாது. மொட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், அறிவிப்பு கடைசி நேரத்தில்தான் வரும். பெரும்பாலும் மார்ச். டிக்கெட்டை விழாவுக்காக மாற்றாதே. விழா நாள் தவறினாலும் மரம் பூத்திருந்தால் போதும், அம்மா நடந்து பார்க்கலாம், கூட்டமும் இருக்காது. விழா அன்றே வருவதானால் காரை எடுக்காதே, நிறுத்த இடம் கிடைக்காது. நொய்ஷ்டாட் வரை ரயில், அங்கிருந்து பஸ். தேதி தெரிந்ததும் இங்கேயே போடுகிறேன்.