சிங்க்குக்குக் கீழே ஒரு காந்தப் பூட்டு: மதுரை வீடுகளின் அனுபவங்கள்

திருநகரிலிருந்து, ஒன்றே கால் வயது மகளின் தாய்:

எங்கள் வீட்டுச் சமையல் மேடைக்குக் கீழே வரிசையாகக் கதவுகள் இருக்கின்றன. அவற்றில் என் மகளுக்கு மிகவும் பிடித்தது சிங்க்குக்குக் கீழே உள்ள கதவுதான். பாத்திரம் விளக்கும் திரவம், பினாயில், குழாய் அடைப்பு நீக்கும் தூள், கரப்பான் மருந்து ஆகிய எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தன. முதலில் வெளிப்பக்கம் ஒட்டும் பிளாஸ்டிக் பட்டையை வாங்கினோம். பொத்தானை அழுத்தித் திறக்கும் அந்தப் பட்டையை அவள் கண்ணெதிரிலேயே நாங்கள் நாள் முழுவதும் திறந்துகொண்டிருந்ததால், எங்கே அழுத்த வேண்டும் என்பதை அவள் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். அதன் பிறகுதான் காந்தப் பூட்டுக்கு மாறினோம்.

இதைப் பார்த்திராதவர்களுக்காக அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கதவுக்கு உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு கொக்கியும், அது மாட்டிக்கொள்வதற்கான ஒரு பிடிப்பானும் பொருத்தப்படுகின்றன. சில தயாரிப்புகளில் கொக்கி கதவிலும், சிலவற்றில் சட்டத்திலும் இருக்கும். கதவைச் சாத்தியவுடன் கொக்கி தானாக மாட்டிக்கொள்ளும். காந்தம் வைத்த சாவியை வெளிப்பக்கம், கொக்கிக்கு நேராக வைத்தால், பலகையைத் தாண்டி அதன் ஈர்ப்பு கொக்கியை விடுவிக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பூட்டு இருப்பதே தெரியாது என்பதுதான் இதன் பெரிய வசதி. என் மகள் கைப்பிடியை ஒரு கையால் இழுத்தாள், பிறகு இரண்டு கைகளாலும் இழுத்தாள், கதவை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள், அடுத்த கதவுக்குப் போய்விட்டாள். அழுத்தவோ நெம்பவோ வெளியே எதுவும் இல்லாததால் அவளுக்கு அதில் ஆர்வமே இல்லாமல் போயிற்று.

சிக்கல் பெரியவர்களிடமிருந்து வந்தது. எங்கள் வீட்டில் காலைச் சமையல் அத்தையுடையது. கையெல்லாம் மாவாக இருக்கும்போது குளிர்சாதனப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சாவியை எடுத்து வந்து, தட்டு வைத்திருக்கும் கதவையும் எண்ணெய் வைத்திருக்கும் கதவையும் மாறி மாறித் திறப்பது அவருக்குப் பெரும் தொல்லையாக இருந்தது. கொக்கியைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க உள்ளே ஒரு சிறு விசை உண்டு. அதைக் கண்டுபிடித்த அன்றிலிருந்து எல்லாப் பூட்டையும் நிறுத்திவிட்டே அவர் சமையலைத் தொடங்கினார். முடித்த பிறகு மீண்டும் போட்டுவிடுவது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை, ஏனெனில் ஒரு வேளைச் சமையலுக்குள் எத்தனை முறை குனிந்து நிமிர வேண்டும் என்பது சமைப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே பொருள்களை இடம் மாற்றினோம். அன்றாடம் எடுப்பவை எல்லாம் பூட்டில்லாத கதவுகளுக்குப் போயின. சிங்க்குக் கீழும், கத்தியும் தேங்காய்த் துருவியும் அருவாமனையும் உள்ள அடுக்கிலும் மட்டுமே பூட்டு இருக்கிறது. ஓரக் கதவு ஒன்றைத் திறந்தே விட்டிருக்கிறோம். அதில் அலுமினியச் சட்டிகளும் பழைய கரண்டிகளும் உள்ளன, அவள் இழுத்துப் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறாள். எல்லாக் கதவுக்கும் பூட்டு வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதையும் யோசிக்கலாம்.

கோ.புதூர், மாடுலர் கிச்சன் வேலை செய்பவர்:

திருநகர்ச் சகோதரி எழுதியது சரி. வேலைக்குப் போகும் வீடுகளில் நான் பார்க்கும் தவறுகள் வேறு வகையானவை என்பதால் அவற்றை எழுதுகிறேன்.

முதலில் கடையில் கேட்கும் முறை. மாசி வீதிப் பக்கம் உள்ள ஹார்டுவேர் கடையில் “கப்போர்டு மேக்னெட்” என்று கேட்டால், கதவு தானாகத் திறந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும் சாதாரண மேக்னெட்டையே எடுத்துத் தருவார்கள். அது குழந்தையின் ஒரு இழுப்புக்கு நிற்காது. குழந்தைப் பாதுகாப்புக்கான, தனிச் சாவியுள்ள பூட்டு என்று விளக்கிக் கேட்க வேண்டும். அந்தச் சாதாரண மேக்னெட் ஏற்கெனவே கதவில் இருந்தால், புதிய பூட்டை அதற்கு அருகில் வைக்கக் கூடாது. அதன் ஈர்ப்பு கொக்கியின் அசைவைக் கெடுக்கக்கூடும்.

அடுத்தது கதவின் பொருள். இங்கே பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டின் மேல் 1 மில்லிமீட்டர் லேமினேட் ஒட்டிய ஷட்டர், அதாவது கதவுதான் போடுகிறோம். அந்தக் கனத்தைத் தாண்டிச் சாவி நன்றாகவே வேலை செய்யும். அலுமினியச் சட்டத்தில் பிவிசி பலகை போட்ட கதவிலும் ஈர்ப்பு தடைபடாது, ஆனால் அந்தப் பலகை உள்ளே கூடாக இருப்பதால் திருகாணி பிடிக்காது. ஆகவே பிடிப்பானைச் சட்டத்தில்தான் பொருத்த வேண்டும். இரும்புத் தகட்டுக் கதவுகளுக்கு இந்தப் பூட்டே வேண்டாம், ஏனெனில் சாவியின் ஈர்ப்பைத் தகடே வாங்கிக்கொள்ளும், உள்ளே உள்ள கொக்கி அசையாது.

திருகாணியின் நீளத்தைப் பலர் கவனிப்பதில்லை. 18 மில்லிமீட்டர் பலகைக்கு ஓர் அங்குலத் திருகாணியை ஏற்றினால் முனை வெளியே வந்து லேமினேட்டைக் கிழித்துவிடும்; 12 மில்லிமீட்டர் போதும், அதற்கும் முதலில் மெல்லிய துளை போட்டுக்கொள்ள வேண்டும். சிங்க்குக்குக் கீழே, மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு இருந்தால், கசிந்த தண்ணீரில் அது ஊறிப் பொரிந்து போயிருக்கும். விரலால் அழுத்தினாலே தூளாக உதிரும் பலகையில் எந்தப் பூட்டும் நிற்காது. முதலில் கசிவை நிறுத்தி, உள்ளே ஒரு பிளைவுட் துண்டை வைத்து அதில்தான் திருக வேண்டும். கடப்பா கல் தடுப்புள்ள பழைய வீடுகளுக்கும் இதே வழிதான். கல்லில் நேராக ஒட்டியவை ஒரு மழைக்கால ஈரத்திலேயே கழன்று விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஷட்டரோடு சேர்ந்து வெளியே வரும் ஸ்டீல் பேஸ்கெட் இருந்தால், கொக்கி கம்பியில் இடிக்கும். கதவின் மேல் விளிம்பில்தான் இடம் கிடைக்கும். மெதுவாக மூடும் கீல் உள்ள கதவுகளில் கடைசி அரை அங்குலம் வேகமில்லாமல் வருவதால், சில வேளை கொக்கி மாட்டாமல் வெறுமனே சாத்தியிருக்கும். விரலால் ஒரு அழுத்து அழுத்தி, ‘டக்’ என்ற ஓசை கேட்ட பிறகே நகர வேண்டும்.

எல்லீஸ் நகர், வாடகை வீட்டில் இருப்பவர்:

வீட்டு உரிமையாளர் ஆணி அடிக்கவே சம்மதிக்காதவர் என்பதால் நாங்கள் திருகாணி இல்லாமல் நுரை டேப்பால் ஒட்டும் காந்தப் பூட்டை வாங்கினோம். தாளிப்புப் புகை படிந்த கதவின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்தால் மட்டும் போதாது. கை வைத்தால் வழவழப்பு தெரியாத அளவுக்குச் சோப்பு நீரால் கழுவி, காய்ந்த பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒரு முறை துடைத்து ஒட்ட வேண்டும். ஒட்டியவுடன் இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். இத்தகைய நுரை டேப்புகள் முழுப் பிடிப்பை அடைய 72 மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். அதுவரை உள்ளிருந்த மருந்துப் பாட்டில்களை நாங்கள் பரணில் வைத்திருந்தோம். சித்திரை வெயிலில் அடுப்பை ஒட்டிய கதவில் இருந்த பூட்டு மட்டும் நெகிழ்ந்து இறங்கியது; மற்றவை அசையவில்லை.

மதுரை, அரசு மருத்துவமனைச் செவிலியர்:

நான் அவசரப் பிரிவில் பணியாற்றியவள். குழந்தைகள் எதைக் குடித்து எங்களிடம் வருகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். மண்ணெண்ணெய், பினாயில், கழிவறை கழுவும் ஆசிட், கொசுவிரட்டித் திரவம், பாச்சை உருண்டை, பாட்டிகளின் இரத்த அழுத்த மாத்திரை, எலி பேஸ்ட் ஆகியவை அடிக்கடி வருபவை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டுக்குத் தனி முறிவு மருந்து கிடையாது. முதல் நாளில் குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும். கல்லீரல் கெடுவது அதற்குப் பிறகுதான் தெரியும். அதைப் பூட்டிய கதவுக்குப் பின்னால் வைப்பது பற்றி யோசிப்பதைவிட, வீட்டுக்குள் வாங்கி வராமல் இருப்பதே சரி என்பது என் கருத்து.

இன்னொன்று. தெருவில் வண்டியில் வைத்து விற்கப்படும் பினாயிலையும் ஆசிட்டையும் நம் வீடுகளில் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வாங்குகிறோம். மஞ்சள் நிறத்தில், பழச்சாறு போலவே இருக்கும் அந்தப் பாட்டிலைக் குழந்தை எடுத்துக் குடித்தால் குழந்தையின் மேல் என்ன தவறு? அது பெரும்பாலும் சமையலறையில் இருப்பதுமில்லை. கழிவறை மூலையில், தரையில் இருக்கும். சமையலறையில் விலை கொடுத்துப் பூட்டுப் போட்டுவிட்டுக் கழிவறைக் கதவைத் திறந்து வைத்திருக்கும் வீடுகள் பல.

ஏதேனும் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர், புளிக் கரைசல், சாணிக் கரைசல் என்று எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட்டும், குழாய் அடைப்பு நீக்கும் தூள் போன்ற காரப் பொருள்களும் உள்ளே போகும்போது சுட்டது போதாதென்று வெளியே வரும்போதும் உணவுக்குழாயைச் சுடும். மண்ணெண்ணெயோ வாந்தியின்போது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வாயில் எஞ்சியிருப்பதைத் துடைத்து எடுத்துவிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு, 108-ஐ அழைத்து உடனே புறப்படுங்கள். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். ஆனால் அந்த அழைப்புக்காகப் பயணத்தைத் தாமதிக்க வேண்டாம்.

ஆனையூர், இரட்டைக் குழந்தைகளின் தந்தை:

எரிவாயு உருளை இருக்கும் கதவைப் பற்றி யாரும் எழுதவில்லை. என் மகன்களில் ஒருவன் ரெகுலேட்டரின் திருகைத் திருப்பிப் பழகிவிட்டான். ஆகவே அந்தக் கதவுக்குத்தான் முதலில் காந்தப் பூட்டுப் போட நினைத்தேன். என் அம்மாவோ, வாடை வந்தால் சாவியைத் தேடிக்கொண்டு நிற்க முடியுமா என்று ஒரே கேள்வியில் தடுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயமாகவே பட்டது. இதற்கு மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்?

கோ.புதூர், மாடுலர் கிச்சன் வேலை செய்பவர்:

உங்கள் அம்மா சொன்னதே சரி. உருளை இருக்கும் கதவுக்குக் காந்தப் பூட்டை நான் பொருத்துவதில்லை. வீட்டுக்காரர் கேட்டாலும் மறுத்துவிடுவேன். கதவின் மேல் ஓரத்தில், பெரியவர் கைக்கு எட்டுகிற, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு சிறிய தாழ்ப்பாள் போதும். இருட்டிலும் தடவித் திறக்கலாம். மேடையே தாழ்வாக இருந்து அந்த உயரம் கிடைக்காவிட்டால், உருளையை வெளியே வைத்துக் குழாய் இழுத்துக்கொள்வது நல்லது. எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். எனவே அந்தக் கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். அழகுக்காக அவற்றை அடைத்துவிடும் வீடுகளும் உண்டு. கசிவு என்று சந்தேகம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, மின் சுவிட்ச் எதையும் தொடாமல், கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

விளாங்குடி, ஓய்வு பெற்ற ஆசிரியர்:

என் மார்பில், இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைக்கப்பட்டிருக்கிறது. மகள் வீட்டுக்குப் போனபோது பேரன் அந்தச் சாவியைக் கையில் கொடுக்க, நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளப் போனேன். மருமகன் பாய்ந்து வாங்கிக்கொண்டார். வலுவான காந்தத்தைப் பேஸ்மேக்கருக்கு 15 சென்டிமீட்டருக்கு அப்பால் வைத்திருக்க வேண்டும் என்று எனக்கும் மருத்துவர் சொல்லியிருந்தார், ஆனால் சமையலறைச் சாவிக்குள் அப்படியொரு காந்தம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? இப்போது அந்தச் சாவிக்குச் சிவப்புத் துணி கட்டிப் பெரியவர் கண்ணில் படும்படி உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

சாவியின் பிளாஸ்டிக் உறை விரிசல் விட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்றும் மருமகன் சொன்னார். உள்ளே உள்ள காந்தத் துண்டுகள் இரண்டைக் குழந்தை விழுங்கிவிட்டால், அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடியே ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கிய குடல் சுவரைத் துளைத்துவிடுமாம்.

மேலூர்ப் பக்கத்துக் கிராமம், மூன்று பிள்ளைகளின் தாய்:

நீங்கள் எல்லோரும் கதவைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் அடுப்பங்கரையில் கதவே கிடையாது. மேடைக்குக் கீழே சேலைத் துணியில் தைத்த திரை மட்டும்தான் தொங்குகிறது. பூச்சி மருந்து, உரம், மண்ணெண்ணெய் எதுவும் வீட்டுக்குள் வருவதில்லை. மாட்டுத் தொழுவத்தின் உள்சுவரில் என் அண்ணன் ஒரு தகரப் பெட்டியை அடித்துக் கொடுத்திருக்கிறான், அதற்குச் சாதாரணப் பூட்டு, சாவி என் தாலிக் கயிற்றோடு இருக்கிறது. என் மகளைத் திருமணம் செய்து கொடுத்திருக்கும் வீடு மதுரையில், அங்கே காந்தப் பூட்டு இருக்கிறது. விடுமுறைக்கு இங்கே வரும் பேத்தி திரையைக் கண்டதும் உள்ளே புகுந்துவிடுகிறாள். அப்பத்தா வீடு, அம்மாச்சி வீடு என்று போகிற இடத்தில் எல்லாம் பூட்டு இருக்காது என்பதால், அவள் வருவதற்கு முந்தின நாளே கீழே உள்ளவற்றை எடுத்துப் பரணில் ஏற்றிவிடுகிறேன். பிள்ளைக்கு மூன்று நான்கு வயதாகிவிட்டால் ஒட்டிய பூட்டைக் கதவுக்குச் சேதம் இல்லாமல் எடுக்க முடியுமா என்று மகள் கேட்கச் சொன்னாள்.

எல்லீஸ் நகர், வாடகை வீட்டில் இருப்பவர்:

முடியும், அக்கா. வீடு மாறியபோது நாங்கள் எடுத்திருக்கிறோம். முடி உலர்த்தும் கருவியால் டேப்பைச் சூடாக்கி, தடித்த தையல் நூலை அதற்கும் பலகைக்கும் இடையில் விட்டு அறுப்பது போல இழுத்தால் பூட்டு தனியே வந்துவிடும். கத்தியால் நெம்பினால் லேமினேட் சில்லு பெயரும். மிச்சமிருக்கும் பிசினைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, சோப்பு நீரால் துடைத்துவிடச் சொல்லுங்கள்.