டி அன்ட் ஐ ஹெட் வந்தால் எதில் கை வைக்க வேண்டும்? இலங்கையின் கிழக்கில் பார்த்தவை

மட்டக்களப்பு, ஆடைத் தொழிற்சாலை எச்.ஆர்.:

பன்மைத்துவத்துக்கும் எல்லோரையும் சேர்த்துக்கொள்வதற்கும் என்று ஒரு தலைவரை (டி அன்ட் ஐ, அதாவது Diversity and Inclusion ஹெட்) போட்டால் முதலில் கேட்க வேண்டியது, ரோஸ்டரிலும் (யார் எந்த ஷிப்ட் என்ற பட்டியல்) வாகன ஒப்பந்தத்திலும் அவர் கையெழுத்து செல்லுமா என்பதைத்தான். செல்லாவிட்டால் மார்ச் 8 பெண்கள் தினத்துக்கு கேக் வெட்டுவதோடு அவர் வேலை முடிந்துவிடும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையைப் பாருங்கள். வெல்லாவெளி, பட்டிப்பளைப் பக்கம் பொழுதுபட்டால் பஸ் அருமை, யானைப் பயம் வேறு. கம்பனி வாகனம் மெயின் ரோட்டுச் சந்தியில் இறக்கிவிட்டுப் போனால் உள்ளூருக்குப் போக வழியில்லை. அதனால் அந்த ஊர்ப் பெண்கள் ஓ.டீ. (மேலதிக நேர வேலை) நிற்பதில்லை. ஓ.டீ. நிற்காதவர்களை சூப்பர்வைசர் பதவிக்கு யாரும் எழுதுவதில்லை. ஆண்டறிக்கையில் ‘ஊழியரில் பெரும்பான்மை பெண்கள்’ என்று அழகாக வரும். பதவி பதவியாகப் பிரித்தால் மெஷினில் நிறையப் பேர், லைன் லீடரில் கொஞ்சம், அதற்கு மேலே ஆளே இல்லை.

வேலை தெரிந்தவர் மொத்தக் கணக்கோடு நிற்கமாட்டார். கடைசி 12 மாதத்தில் விலகியவர்களின் பட்டியலை எடுத்து ஊர், ஷிப்ட், பதவி என்று பிரிப்பார். எந்த வாகனப் பாதையில் ஆட்கள் கழன்றார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இரவு வேலையில் சட்டமே கணக்குச் சொல்லியிருக்கிறது. தொழிற்சாலையில் பெண்களை இரவில் வைக்கத் தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும், அந்தப் பெண்ணின் விருப்பமும் வேண்டும். சம்பளம் ஒன்றரை மடங்குக்குக் குறையக் கூடாது, மாதத்தில் 10 இரவுக்கு மேல் போடக் கூடாது, பெண் வார்டன் இருக்க வேண்டும். ரோஸ்டர் போடுகிறவர் இந்த 10ஐ மறப்பதுதான் வழக்கமான தவறு. ஒருவர் லீவு போட்டதும் அந்த இரவு இன்னொருத்தியின் தலையில் விழுகிறது. ஆளுக்கு ஆள் எண்ணிக்கை வைத்தால்தான் பிடிபடும்.

கல்முனை, கிளை முகாமையாளர்:

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முஸ்லிம் ஊழியரை மட்டும் விட்டு மற்றவர்களை மேசையில் இருத்தினால் மனக்கசப்பு தொடங்கிவிடும். “அவங்கட வேலையையும் நாங்கதான் பார்க்கிறம்” என்ற பேச்சு ஒரு மாதத்துக்குள் காதில் விழும். வாடிக்கையாளர் வரிசை இல்லாத இடங்களில் எல்லோருக்கும் இடைவேளையை நீட்டுவது நல்லது. வழமையான 30 நிமிடம் வெள்ளியில் 75 ஆனால் மேலதிகம் 45 நிமிடம். வாரத்தில் ஆறு நாள் வேலை என்றால், மற்ற ஐந்து நாளும் 9 நிமிடம் பிந்தி முடித்தால் கணக்கு சரி. கவுண்டர் உள்ள இடத்தில் அது சரிவராது. அங்கே சுழற்சி வைத்து, வைகாசியில் கண்ணகியம்மன் சடங்குக்கு லீவு கேட்பவர்களின் இடத்துக்கு முஸ்லிம் ஊழியர் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிடலாம். நோன்பு மாதத்தில் மாலைக் கூட்டங்களையும் காலைக்கு மாற்றிவிடுங்கள், அதற்குக் காசு ஒன்றும் செலவில்லை.

அம்பாறை, உற்பத்திப் பிரிவு:

மூன்று மொழியும் புழங்கும் இடம் என்பதால் விசாரணையைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு பெண்ணின் முறைப்பாடு தமிழில், விசாரிக்க வருபவர் சிங்களத்தில், வாக்குமூலமும் சிங்களத்தில். தனக்கு வாசிக்கத் தெரியாத தாளில் அந்தப் பெண் கையெழுத்து வைக்கிறார். பிறகு ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்றால் அவர்தான் பொய்யர். வாக்குமூலத்தைச் சொன்ன மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, அந்தப் பிரதியில் கையெழுத்து வாங்க வேண்டும். மொழிபெயர்ப்பு இணைப்பாகப் போகட்டும். மொழிபெயர்க்கிறவர் எதிராளியின் பிரிவில் வேலை செய்பவராக இருக்கக் கூடாது. சின்ன ஊர், இரண்டு பக்கமும் சொந்தக்காரர் இருப்பார்கள். அதையும் கேட்டுப் பாருங்கள்.

பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். உள்ளக விசாரணை நடக்கிறது, பொலிசுக்குப் போகாதே என்று சொல்ல எந்த ஹெட்டுக்கும் அதிகாரம் இல்லை. முறைப்பாட்டுப் பெட்டியை சிசிடிவி கமராவுக்குக் கீழே மாட்டியிருப்பதை எத்தனை இடத்தில் பார்த்தாயிற்று!

அக்கரைப்பற்று, கட்டட மேற்பார்வை:

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டும்போது உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு. படி 20 சென்ரிமீற்றர் உயரம் என்றால் சாய்தளம் 240 சென்ரிமீற்றர் நீளம். இடமில்லை என்று ஒரு மீற்றரில் முடித்துவிடுகிறார்கள், சக்கர நாற்காலியைப் பின்னால் ஒருவர் தள்ளாமல் ஏற முடியாது. மேலே கதவுக்கு முன் சமதளமும் விட வேண்டும், இல்லாவிட்டால் கதவை இழுக்கும்போது நாற்காலி பின்னால் உருளும்.

மட்டக்களப்பு, ஆடைத் தொழிற்சாலை எச்.ஆர்.:

பிரசவ லீவையும் சேர்த்துவிடுகிறேன். 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். ‘எத்தனையாவது பிள்ளை’ என்று கேட்கும் பழைய படிவம் இன்னும் சுற்றுகிறது, மூன்றாவது என்று எழுதினால் 42 நாளைப் போட்டுவிடுகிறார்கள். படிவத்தை மாற்றுங்கள். திரும்பி வந்த பிறகு, பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை பாலூட்ட நாளில் இரண்டு இடைவேளை: பிள்ளைக் காப்பகம் இருந்தால் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி வீதம். இரண்டு மணித்தியாலம் ஓர் ஆள் லைனில் இல்லாதபோதும் அன்றைய இலக்கைக் குறைக்காவிட்டால் பக்கத்து மெஷின்காரர்தான் முகம் சுளிப்பார், தாய்மாரும் இடைவேளை எடுப்பதை விட்டுவிடுவார்கள். அந்த இலக்கை மாற்ற, அதைக் கணக்கிடும் ஐ.ஈ. (Industrial Engineering) பிரிவு சம்மதிக்க வேண்டும்; டி அன்ட் ஐ ஹெட் அவர்களோடு மேசையில் உட்கார்ந்து அதை எழுத்தில் வாங்க வேண்டும்.