கூட்டம் வந்தும் கல்லா நிறையாத ஐஸ் ஹாக்கி அணிகள்: உங்கள் அனுபவம் என்ன?

முதல் பதிவு

அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றின் சிறுநகரில் நான் கணக்காளராக வேலை பார்த்தபோது, அவ்வூர் ஐஸ் ஹாக்கி அணியின் வரவு செலவு இரண்டு பருவங்கள் என் மேசைக்கு வந்தது. அணியின் பெயரைச் சொல்வது முறையன்று. அது இப்போது இல்லை என்பது மட்டும் போதும்.

வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கியின் உச்சியிலுள்ள லீக் என்.எச்.எல்., அதற்குக் கீழே ஏ.எச்.எல்., அதற்கும் கீழே இ.சி.எச்.எல். என்று இறங்கிக்கொண்டே போனால், எஸ்.பி.எச்.எல்., எஃப்.பி.எச்.எல். என்ற கடைசிப் படிகள் வரும். அங்கே வீரர்களின் சம்பளத்தை மேலிருந்து எந்தப் பெரிய அணியும் கொடுப்பதில்லை; சொல்லிக்கொள்ளும்படி தொலைக்காட்சி வருமானமும் இல்லை. பருவத்துக்கு 56 ஆட்டங்கள், அவற்றில் 28 மட்டுமே சொந்த ஊரில். ஆண்டு முழுவதும் அலுவலகம் நடத்தினாலும், கல்லாப்பெட்டி திறப்பது அந்த 28 இரவுகளில்தான்.

வீரர்களின் சம்பளம்தான் பெரிய செலவாக இருக்கும் என்று எண்ணிக் கணக்கைப் பிரித்த எனக்கு, முதல் அதிர்ச்சி காப்பீட்டில் காத்திருந்தது. சட்டப்படி அவர்கள் ஊழியர்கள்; பணியிடத்தில் அடிபட்டால் ஈடு தருவதற்கான காப்பீடு கட்டியாக வேண்டும்; அடிபடுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குப் பிரீமியம் எவ்வளவு ஆகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். வாரச் சம்பளத்துக்கு லீக் உச்சவரம்பு வைக்கலாம், காப்பீட்டுக்கு யார் வைப்பது? அதற்குப் பிறகு பேருந்து, வீரர்களின் தங்குமிட வாடகை, பயிற்சிக்கான ஐஸ் தளக் கட்டணம்.

ஆனால் அணியை வீழ்த்தியது செலவன்று, அரங்க ஒப்பந்தம். வாகன நிறுத்தக் கட்டணமும், பீர், ஹாட்டாக் விற்பனையும் முழுவதுமாக அரங்கத்தாருக்கே சேரும் என்று அதில் எழுதியிருந்தது. ஒருவர் 15 டாலருக்குச் சீட்டு வாங்கி, உள்ளே 25 டாலருக்குச் சாப்பிட்டால், அந்த 25இல் ஒரு காசும் அணிக்கு வராது. இது போதாதென்று, காலி இருக்கைகளைப் பார்த்தால் விளம்பரதாரர்கள் போய்விடுவார்கள் என்று அஞ்சிய மேலாளர், மளிகைக் கடைகள் வழியாக இலவசச் சீட்டுகளை வாரி வழங்கினார். அரங்கம் நிரம்பியது, அடுத்த பருவத்தில், அதுவரை காசு கொடுத்து வந்தவர்களும் ஓசிச் சீட்டுக்குக் காத்திருக்கத் தொடங்கினார்கள். உணவு விற்பனையில் பங்குள்ள அணிக்கு இலவசச் சீட்டு ஒரு முதலீடாக இருக்கலாம். எங்கள் அணிக்கோ, நம் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரைக் கூட்டிவிட்டு, மொய்யைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக்கொண்ட கதையாயிற்று.

கையில் நின்ற பணம் என்று பார்த்தால், இடைவேளையில் ரசிகர்கள் நுரைப்பந்து போன்ற மெத்தென்ற பக்குகளை (ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் தட்டையான வட்டின் மாதிரிகளை) விலைக்கு வாங்கி ஐஸின் நடுப்புள்ளியை நோக்கி எறியும் போட்டியும், ஆட்டம் முடிந்ததும் வீரர்களின் சட்டைகளை ஏலம் விடுவதும்தான். இவற்றை நான் முதலில் ஏளனமாகவே பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பதில்: மொன்றியலிலிருந்து

வணக்கம் ஐயா. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடக்கும் எல்.என்.ஏ.எச். என்ற சிறு லீக்கை அருகிலிருந்து பார்த்தவன் என்ற வகையில் இதை எழுதுகிறேன். என்னோடு வேலை செய்த ஒருவர் வெள்ளியும் சனியும் அந்த லீக்கில் விளையாடிவிட்டு, திங்கட்கிழமை காலை புருவத்தில் தையலோடு வேலைக்கு வருவார். அவருக்கு ஹொக்கி இரண்டாவது சம்பளம். முதலாவது சம்பளத்தை வேறொரு முதலாளி கொடுக்கிறார். அணிகள் எல்லாம் ஒரே மாகாணத்துக்குள் இருப்பதால், பல பயணங்கள் ஒரு மாலைக்குள் அடங்கிவிடுகின்றன. அவருடைய ஆட்டத்தைப் பார்ப்பதற்காக ஒருமுறை தெற்ஃபோர்ட் மைன்ஸ் வரை காரில் போயிருந்தேன். அதே இரவு வீடு திரும்பிவிட்டோம்.

அணியின் பெயரையே விற்பதற்கும் அங்கே யாரும் கூச்சப்படுவதில்லை. துரோவா-றிவியர் அணி ஒரு காலத்தில் கதவு, யன்னல் செய்யும் கரோன் எ கே நிறுவனத்தின் பெயரோடும், சென்-ஜோர்ஜ் அணி கூல் எஃப்.எம். 103.5 என்ற வானொலியின் பெயரோடும் விளையாடின. ஆட்டத்தைவிட வீரர்களின் கைச்சண்டையைப் பார்க்க வருகிறவர்களே அதிகம் என்ற பழி அந்த லீக்குக்கு உண்டு. நான் போன இரவும் அதை மறுக்கும்படியாக இருக்கவில்லை.

ஒன்று கேட்க வேண்டும்: தங்கள் ஊர் அரங்கம் யாருடையது?

பதில்: பிங்ஹாம்டனிலிருந்து

நியூயார்க் மாநிலத்தின் இந்த ஊரில் அரங்கம் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நிர்வாகத்துக்குச் சொந்தமானது, 1973இல் திறக்கப்பட்டது. 2002 முதல் ஏ.எச்.எல். அணிகள் இருந்தன: முதலில் செனட்டர்ஸ், 2017இலிருந்து டெவில்ஸ். என்.எச்.எல்.லின் பெரிய அணிகள் தங்கள் வசதிக்கேற்ப, ஏ.எச்.எல்.லில் வளர்க்கும் இளம் வீரர்களை இடம் மாற்றும்போது, ஊர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். 2021இல் டெவில்ஸின் உரிமை யூட்டிகாவுக்குப் போனபோது, எங்களுடன் எப்போதும் ஆட்டம் பார்க்க வரும் பெரியவர் இனி இங்கே ஹாக்கி இல்லை என்று கண்கலங்கினார். அதே இலையுதிர் காலத்தில் எஃப்.பி.எச்.எல். அணியாக பிளாக் பேர்ஸ் வந்தது. சில படிகள் தாழ்ந்த ஆட்டத்துக்கு யார் வருவார்கள் என்று நானே கேலி பேசினேன். இப்போது சனிக்கிழமை இரவுகளில் நல்ல இருக்கை வேண்டுமென்றால் முன்கூட்டியே வாங்க வேண்டியிருக்கிறது. அதே கட்டடம், அதே ரசிகர்கள். அணியை நடத்தும் செலவுதான் வேறு.

முதல் பதிவாளரின் மறுமொழி

மொன்றியல் நண்பருக்கு: எங்கள் அரங்கமும் அரசுக்குச் சொந்தமானதே. ஆனால் அதை நடத்தும் குத்தகை ஒரு தனியார் நிறுவனத்திடம் இருந்தது. அவர்களுக்கு ஹாக்கி இரவும் மாட்டுச் சந்தை இரவும் ஒன்றுதான்.

கூட்டம் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பவர்கள் ஓக்லஹோமா சிட்டியைப் பார்க்க வேண்டும். 1992இல் சென்ட்ரல் ஹாக்கி லீக் என்ற கீழ்நிலை லீக் ஆறு அணிகளோடு தொடங்கியபோது அவற்றில் ஒன்றான பிளேசர்ஸ், அந்த லீக்கிலேயே பெருங்கூட்டம் சேர்த்த அணி. 2009இல் அது மூடப்பட்டது. மறு ஆண்டு அதே ஊருக்கு ஏ.எச்.எல். அணியாக பேரன்ஸ் வந்து, 2015இல் பேக்கர்ஸ்ஃபீல்டுக்குப் போய்விட்டது. அந்த ஆறில் டல்சாவும் விசிட்டாவும் இன்று இ.சி.எச்.எல்.லில் ஆடுகின்றன.

எங்கள் அணியின் பேரேட்டில் நான் கடைசியாக எழுதியது, அடுத்த பருவத்துக்கு முன்பணம் கட்டியிருந்த குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்பிய காசோலைகளின் எண்கள். இலவசச் சீட்டு வாங்கிய எவர் பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை.