பொருள்: ‘கவர் வெர்ஷன்’ தமிழில் என்ன? வெள்ளிக்குள் தேவை

அன்பர்களே, இசைக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ஏசி/டிசி குழுவின் ஹார்ட் ராக் பாடல்களை பாஞ்சோ, மாண்டலின், ஃபிடில் வைத்து புளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையாக்கி 2001இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்ட ஹேசீட் டிக்சி குழுவைப் பற்றியது. ஒருவர் பாடிய பாடலை இன்னொருவர் தம் பாணியில் பாடுவதைக் குறிக்கும் ‘கவர் வெர்ஷன்’ பக்கத்துக்கு நான்கு முறை வருகிறது. ‘உறைப் பாடல்’ என்று எழுதக் கை வரவில்லை.

* * *

தம்பி, நன்னூல் இருக்கத் தேடுவானேன்? “முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி அழியா மரபினது வழிநூல் ஆகும்.” முடிபும் ஒத்திருக்க வேண்டும், பின்னவன் விரும்பும் வேறுபாடும் வேண்டும். எனவே வழிப்பாடல். தொல்காப்பியர் வழிநூல் வகைகளில் ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்பதையும் சேர்க்கிறார். அதர் என்றாலும் வழிதான்.

* * *

ஐயா, என் மாணவர்கள் அதை வழிபாட்டுப் பாடல் என்றே படிப்பார்கள். இங்கே சொல்லும் மெட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்க, வாசிக்கும் விதம்தான் மாறுகிறது. மரபான புளூகிராஸில் டிரம் கிடையாது. மாண்டலின்காரர் தந்தியை அடித்த கணமே இடக்கை விரல்களைத் தளர்த்தி ஒலியை அடைத்து, ‘சக்’கென்று எதிரடியில் தாளம் தருகிறார். மின்கிட்டார் நீட்டி முழக்கிய ஸ்வரம் பாஞ்சோவில் உடனே அடங்கிவிடும்; அந்த இடைவெளியை மூன்று விரல்களால் பொடி ஸ்வரங்களைத் தூவி நிரப்புகிறார்கள். ‘மறுவாசிப்பு’ பொருந்தாதா?

* * *

அதைத் திறனாய்வாளர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘மறுபாட்டு’ போதும். ஹார்ட் ராக்கைக் ‘கடும்பாறை இசை’ ஆக்கிவிடாதீர்கள். அந்த ராக் கல் அல்ல, அசைந்தாடுதல். புளூகிராஸ் ஆகுபெயர்: இந்த இசையின் முன்னோடி பில் மன்றோ தம் கென்டக்கி மாநிலத்தின் பட்டப்பெயரைக் குழுவுக்கு வைத்தார், அது இசைக்கே ஆகிவிட்டது. அவர் 1946இல் பதிவுசெய்த கென்டக்கிப் பாடலை 1954இல் எல்விஸ் பிரெஸ்லி துள்ளலாகப் பாடினார். அதைக் கேட்டபின் மன்றோவே அதே ஆண்டில், இடையில் தாளத்தை மாற்றி மீண்டும் பதிவுசெய்தார். முன்னோனே பின்னோனும் ஆனால் ‘வழி’ யாருடையது, ஐயா?

* * *

நன்றி. மறுபாட்டையே எடுத்துக்கொள்கிறேன். முதலிடத்தில் மட்டும் ‘கவர் வெர்ஷன் எனப்படும் மறுபாட்டு’ என்று எழுதி அனுப்புகிறேன்.

* * *

அனுப்புங்கள், தம்பி. ஆனால் ‘மறு’ என்றால் களங்கம் என்றும் பொருள். நிலவின் மறுவைப் பாடாத புலவர் உண்டா? நல்ல பாட்டைக் கறைபட்ட பாட்டு என்று எழுத எனக்கு மனம் வராது. என் பட்டியலில் வழிப்பாடல்தான் இருக்கும்.