இரண்டு கேலக்டிகாக்களும் ஒரு தம்பியின் மரணமும்

பள்ளி நாட்களில், உறவினர் ஒருவர் கொண்டுவந்த வீடியோ கேசட்டுகளில்தான் 1978ஆம் ஆண்டின் 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' என்னும் அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரை முதன்முதலாகப் பார்த்தேன். மனிதகுலத்தை அழிக்க வரும் சைலன் எந்திரங்களின் முகத்தில் இடமும் வலமுமாக ஓடும் சிவப்பு ஒளி பல ஆண்டுகள் என் மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. டர்க் பெனடிக்ட் சுருட்டும் குறும்புச் சிரிப்புமாக நடித்த போர் விமானி ஸ்டார்பக், 2003இல் வந்த மறு ஆக்கத்தில் பெண்ணாக மாற்றப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டபோது, அதைப் பார்ப்பதே இல்லை என்று தீர்மானித்தேன். தொடர் 2009இல் முடிந்து வெகுகாலம் கழித்தே அந்தப் பிடிவாதம் தளர்ந்தது.

என் மனத்தை மாற்றியது விண்வெளிப் போர் எதுவும் அன்று; கேலக்டிகா என்னும் விண்வெளிப் போர்க்கப்பலின் தலைவர் அடாமாவின் இளைய மகன் ஸாக்கின் மரணம். பழைய தொடரில் அவன் தன் அண்ணன் அப்பல்லோவுடன் வேவு பார்க்கச் சென்று, கப்பற்படையை எட்டும் தறுவாயில் சைலன்களால் சுட்டு வீழ்த்தப்படுகிறான். அதற்குப் பின் மனிதர்கள் வாழ்ந்த பன்னிரண்டு குடியேற்ற உலகங்களும் அழிகின்றன. ஆனால் அதே தொடக்கக் கதையிலேயே, தப்பியவர்கள் கேரிலான் என்னும் கோளில் ஒரு சூதாட்ட விடுதியைக் கண்டு களிப்பில் மூழ்குகிறார்கள். சிறுவனாக இருந்தபோது இது எனக்கு உறுத்தவில்லை. வீட்டில் ஒரு சாவைக் கண்ட பிறகு மீண்டும் பார்த்தபோது அந்தக் காட்சிகளை என்னால் பார்க்க முடியவில்லை.

புதிய தொடரில், கதை தொடங்குவதற்கு முன்பே ஸாக் இறந்துவிட்டான். விமானியாகத் தேறும் திறமை அவனிடம் இல்லை. அவனைக் காதலித்த பயிற்சியாளர் காரா, அதாவது ஸ்டார்பக், மனம் கேளாமல் அவனைத் தேர்ச்சி பெறச் செய்துவிட்டாள். அந்த உண்மையை அவள் அடாமாவிடம் ஒப்புக்கொள்ளும்போது, அவளைத் தன் மகளைப்போல் நேசிக்கும் அந்த மனிதர் குரலை உயர்த்தாமல், உடனே அறையைவிட்டு வெளியேறும்படி சொல்கிறார். அடுத்த கதையில் அவள் காணாமல் போகும்போது, கப்பற்படை முழுவதையும் ஆபத்தில் நிறுத்தி அவளைத் தேடுவதும் அவரே. கேட்டி சாக்காஃபும் எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸும் நடித்த அந்த அறைக்காட்சிக்குப் பிறகு, ஸ்டார்பக் ஆணா பெண்ணா என்னும் கேள்வி எனக்குள் எழவே இல்லை. புதிய தொடரை உருவாக்கிய ரொனால்ட் மூர் பழைய கதையைத் திருத்தவில்லை. அது அழ மறந்த இடங்களைத் தேடிப்போய் அங்கே நின்றார் என்றே கருதுகிறேன்.

*

நண்பர் சொன்ன அறைக்காட்சி என்னையும் உலுக்கியதுதான். ஆயினும் நான் எதிர்த்திசையில் வந்தவள் என்பதால் பழைய தொடருக்காகச் சிறிது பேச விரும்புகிறேன். முதலில் புதியதைப் பார்த்தேன். முப்பத்து மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை சைலன்கள் வந்து தாக்க, ஐந்து நாட்களாகக் கண் மூடாத மனிதர்கள் மீண்டும் மீண்டும் தப்பியோடும் அந்த முதல் கதையின் இறுதியில், குடியரசுத் தலைவர் ரோஸ்லின், எஞ்சியோரின் எண்ணிக்கை எழுதப்பட்ட பலகையில் ஒரு குழந்தை பிறந்ததற்காக ஒன்றே ஒன்றைக் கூட்டுகிறார். அதைவிடச் சிறந்த ஒன்றை எந்தத் தொடரிலும் நான் கண்டதில்லை.

அந்த எதிர்பார்ப்போடு பழையதைப் பார்த்தபோது ஏமாற்றம் இருந்தது. ஜான் டைக்ஸ்ட்ரா உருவாக்கிய போர்க்காட்சிகள் அழகானவை. ஆனால் அதே காட்சிகள் வாரந்தோறும் திரும்ப வருவது சலிப்பூட்டியது. ஆனால் லார்ன் கிரீன் நடித்த அடாமா ஒரு குடும்பத்தின் மூத்தவரைப்போல் எல்லோரையும் அணைத்துச் செல்வதைப் பார்க்கப் பார்க்க, புதிய தொடரில் எனக்குக் கிடைக்காத ஓர் ஆறுதல் அங்கே கிடைத்தது. பெகாசஸ் கப்பலின் தலைவர் கெயினை எடுத்துக்கொள்ளுங்கள். லாயிட் பிரிட்ஜஸ் நடித்த கெயின், அடங்க மறுத்தாலும் மக்களுக்காகத் துணிந்து பகைவர் நடுவே பாய்ந்து மறையும் வீரர். புதிய கெயினோ, பொதுமக்களின் கப்பல்களிலிருந்து பயன்படுவதையெல்லாம் பறித்துக்கொண்டு அவர்களை நடுவழியில் கைவிட்டுப் போகும் தளபதி. இரண்டாவது ஆழமான படைப்புத்தான். ஆனால் தளர்ந்துபோன மாலைகளில் நான் முதலாவதையே நாடுகிறேன்.

ஒரே பருவத்தில் நிறுத்தப்பட்ட அந்தத் தொடரின் கடைசிக் காட்சியை அனைவரும் பார்க்க வேண்டும். அவர்கள் தேடி அலையும் பூமியிலிருந்து, 1969ஆம் ஆண்டின் நிலவுத் தரையிறக்க ஒளிபரப்பு கேலக்டிகாவின் திரையில் தெரிகிறது. அப்போது அந்த அறையில் ஒருவரும் இல்லை.

*

இருவரும் எழுதியதைப் படித்தபோது எனக்கு ரிச்சர்ட் ஹாட்ச் நினைவுக்கு வந்தார். பழைய அப்பல்லோவாக நடித்த அவர், அந்தக் கதை விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். 1999இல் அதற்காகத் தாமே முன்னின்று ஒரு முன்னோட்டப் படத்தையும் உருவாக்கினார். மறு ஆக்கம் அறிவிக்கப்பட்டபோது அவர் அடைந்த வருத்தத்தை, அவருடைய ரசிகனாக நானும் அப்படியே அடைந்தேன். பிறகு அதே மறு ஆக்கத்தில் டாம் ஸாரெக் என்னும் அரசியல் கைதியாக அவர் நடிக்க ஒப்புக்கொண்டார் என்று அறிந்தபோது, அவர் நம்மைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

ஆனாலும் அந்தக் கதையைப் பார்த்தேன். தண்ணீர் சேகரிக்கும் கடும் பணிக்கு ஆட்கள் வேண்டி ஜேமி பாம்பர் நடித்த புதிய அப்பல்லோ சிறைக்கப்பலுக்கு வருகிறார். அங்கே ஸாரெக்கின் பிணைக்கைதியாகிறார். பழைய அப்பல்லோ, புதிய அப்பல்லோவின் எதிரே அமர்ந்து, அவர் யாருக்காகப் பணியாற்றுகிறார் என்று விடாமல் வினவுகிறார். 1978இன் முகம் நரைத்து, சுருங்கி, முன்பு ஒருபோதும் காட்டாத கோபத்தோடு பேசியது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் நேசித்த நடிகருக்குள் இவ்வளவு இருந்ததா என்று வியந்து, அந்தக் காட்சியை அன்றிரவே மறுபடியும் போட்டுப் பார்த்தேன்.